தொண்ணூறில் ஒரு நூற்றாண்டு விழா

கண்டோன்மென்ட் தமிழர் பொது வாசகசாலைக்குத் தொண்ணூறு வயது ஆனபோது, அதன் நிர்வாகக் குழு கூடி நூற்றாண்டு விழாவைக் கொண்டாடிவிடுவது என்று தீர்மானித்தது. குழுவில் இருந்த பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு எழுபது தாண்டியிருந்தது. இன்னும் பத்து வருடம் பொறுத்தால் வாசகசாலை இருக்கும், விழா எடுக்க நாம் இருப்போமா என்று தலைவர் கோவிந்தராஜன் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. குறைகிற பத்து வருடத்தை வருங்காலக் குழு சரிசெய்துகொள்ளும் என்று செயலாளர் சுந்தரராமன் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தார்.

இது நடந்தது இரண்டாயிரத்தொன்று ஜனவரியில். பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை, இது எதுவும் தெரியாமல், அசோகன் லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறி சிவாஜிநகரில் இறங்கி, கறிக்கடைகளைத் தாண்டி வாசகசாலைக்கு நடந்து வந்தார்.

அவர் ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டைகளின் மேலும் பெட்டிகளின் மேலும் போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயரை எழுதுவது அவர் வேலை. அதனால் எழுத்து குண்டு குண்டாக, தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி இருக்கும். அவர் மனைவி காந்தா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தாள். தொண்ணூற்றொன்பது ஜூலையில் மஞ்சள் காமாலை வந்து பதினெட்டு நாளில் போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்தத் தெருப்பக்கம் வர அவருக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

காந்தா படிக்கக் கற்றுக்கொண்டதே முப்பத்திநான்கு வயதில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் புத்த விகாரத்தில் எழுத்தறிவு வகுப்பு நடந்தது. அங்கே ஆறு மாதம் போனாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் கணவருடைய உறுப்பினர் அட்டையில் குடும்பச் சீட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வாசகசாலையில் கதைப் புத்தகங்கள் எடுக்க ஆரம்பித்தாள். பதினைந்து வருடம் விடாமல் எடுத்தாள்.

அந்த வாசகசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைசியில் இருக்கிற வெற்றுத்தாளில், படித்தவர் ஒரு வரி எழுத வேண்டும். பென்சிலால் மட்டும். முதல் நூலகர் ஏற்படுத்திய வழக்கம் அது. நிஜமாகவே படித்தார்களா, அட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அவர் ஆரம்பித்திருக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் அந்தத் தாளை முதலில் படித்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுத்துப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். 'நல்ல கதை.' 'பாதியில் தூங்கிவிட்டேன்.' 'அந்தப் பெண் செத்திருக்க வேண்டாம்.' 'எனக்கு முன்னால் எழுதியவர் சொன்னதை நம்பாதீர்கள்.' இப்படித் தொண்ணூறு வருடம்.

காந்தாவும் எழுதினாள். ஒரு குடும்பக் கதையின் கடைசியில், 'இதை எழுதினவர் சோறு வடித்ததே இல்லை. உலை கொதிக்கும் முன்பே விருந்தாளி சாப்பிட்டுவிட்டுப் போகிறார்' என்று எழுதியிருந்தாள். இன்னொன்றில், 'பேய்க் கதை. இருக்கிறவர்களில் பேய்தான் நல்லவள்.' கீழே 'கா' என்று ஒரு எழுத்து. கடிதம் எழுத அவளுக்கு யாரும் இருக்கவில்லை. மளிகைச் சாமான் எல்லாம் மனப்பாடம். எனவே உலகத்தில் அவளுடைய கையெழுத்து அந்தத் தாள்களைத் தவிர வேறு எங்கும் கிடையாது.

அசோகன் தேடி வந்தது அதில் ஒரு தாளை.

தொண்ணூற்றொன்று டிசம்பரில், காவிரித் தகராறில் ஊர் அடங்கிக் கிடந்தபோது, இரண்டு பேரும் பத்து நாள் வெளியே தலை காட்டவில்லை. கலவரத்துக்கு முன்னாலேயே நூலகர் ஜெயராஜ் ஓர் அலமாரிப் புத்தகங்களுக்குக் கன்னடப் பேப்பரில் அட்டை போட்டு வைத்திருந்தார், பஸ்ஸில் தமிழ்ப் புத்தகம் எடுத்துப் போகிறவர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்று. அதில் ஒன்று காந்தாவிடம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து உதடு அசைய அசையப் படித்தாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அசோகன் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே அறையில் பத்து நாள் இருந்தும் அது என்ன புத்தகம் என்று அவர் கேட்கவில்லை. கடைசி நாள் அவள் பென்சிலை எடுத்து எழுதி அவரிடம் காட்டினாள்:

'பத்து நாள் வெளியே போகவில்லை. இதை நான்கு முறை படித்தேன். முடிவு மாறவில்லை. கா.'

அவர் சிரித்தார். புத்தகத்தை மூடி அவளிடம் கொடுத்தார். அவ்வளவுதான். பெயர் தெரியாது, கதை தெரியாது. கதைப் புத்தகங்களின் கடைசித் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினால் கிடைக்கும். ஓய்வு பெற்ற மனிதருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை.

வாசகசாலை வாசலில் புதுப் பலகை தொங்கியது. 'நூற்றாண்டு நினைவுகள் சேகரிக்கப்படுகின்றன. ஆகவே வாசகர்களுக்கு அனுமதி இல்லை.'

பலகைக்கு அடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவள் மங்களம். ஆபீஸ் வேலைக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. அசோகனைத் தெரியும்.

"படிக்க வந்தீங்களாண்ணா, ஞாபகம் கொடுக்க வந்தீங்களா?"

"ஒரு புத்தகம் பாக்கணும்மா."

"புத்தகம்னா விட மாட்டாங்க. ஞாபகம்னா உள்ள வரலாம். இந்த டேபிள் வரைக்கும்."

"ஞாபகமாத்தான் வந்திருக்கேன்."

"அப்படிச் சொல்லுங்க. கூத்கொள்ளி, உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "காந்தாக்கா ஞாபகமா?"

அவர் தலையை ஆட்டினார். அவள் மூன்றாம் எண் படிவத்தை எடுத்து நீட்டினாள்.

படிவத்தில் நினைவு நிகழ்ந்த தேதி, நேரம், இடம் கேட்டிருந்தது. 'நினைவின் வகை: மகிழ்ச்சி / பெருமகிழ்ச்சி / பெருமிதம். பொருந்தாதவற்றை அடிக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. அசோகன் யோசித்துவிட்டு மூன்றையும் அடித்தார்.

"மூணையும் அடிச்சா ரிஜெக்ட் ஆயிடும்ணா," என்றாள் மங்களம். "ஒண்ணையாச்சும் விடுங்க."

வேறு படிவம் வாங்கி, பெருமிதத்தை மட்டும் அடிக்காமல் விட்டார். அன்று காந்தா காட்டியதைப் படித்துச் சிரித்தபோது அவருக்கு இருந்தது அதுதான் என்று எழுதும்போதுதான் தோன்றியது. கீழே நினைவுக்கு விட்டிருந்த பெட்டியில், கடைசித் தாள் வழக்கம் என்ன, காந்தா எழுதியது என்ன, அது எந்த மாதிரி புத்தகத்தில் இருக்கும் என்பதையெல்லாம் மூட்டைக்கு முகவரி எழுதுகிற நிதானத்தோடு எழுதினார். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று.

அடுத்த திங்கள் செயலாளர் சுந்தரராமன் கூப்பிட்டு அனுப்பினார். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தாளை இரண்டு முறை படித்துவிட்டு மூன்றாவது முறை சந்தேகப்படுவார்.

"இந்த ஞாபகம் யாரோடது?"

"என் சம்சாரத்தோடது சார்."

"அப்ப அவங்கதான் ஃபாரம் கொடுக்கணும்."

"அவ தவறிட்டா சார்."

"ஐயாம் சாரி. அவங்க மெம்பரா?"

"குடும்பச் சீட்டு. என் நம்பர்ல."

சுந்தரராமன் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். "அப்ப விதிப்படி அவங்க படிச்சது நீங்க படிச்சது. அவங்க எழுதினது நீங்க எழுதினது. நீங்களே கொடுக்கலாம்."

"நான் எழுதல சார். நான் எழுதியிருந்தா எதுக்குத் தேடறேன்?"

"அதுக்குள்ள நாம போக வேணாம். சாட்சி ரெண்டு பேர் போடல."

"அந்தப் பத்து நாள் யாரு சார் வெளிய வந்தா சாட்சி சொல்ல?"

"நீங்க உள்ள இருந்தீங்கங்கறதுக்கு வெளிய இருந்து பாத்தவங்க வேணும். இல்லாட்டி நாளைக்கு யார் வேணாலும் வந்து, நானும் உள்ள இருந்தேன்னு சொல்லுவாங்க."

அசோகன் யோசித்தார். "எதிர்வீட்டு மமதாம்மா பால் வாங்கிட்டு வந்து ஜன்னல்ல வெச்சுட்டுப் போவாங்க. கன்னடக்காரங்க."

"கையெழுத்து வாங்கிட்டு வாங்க. கன்னடத்துல போட்டா தமிழ்ல ஒரு நகல். இன்னொரு சாட்சி நீங்களே போடலாம். எழுதினது நீங்கன்னா, பாத்ததும் நீங்கதான்."

மமதா படிவத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. "காந்தக்காவுக்குத்தானே? எல்லி, எங்க போடணும்னு காட்டுங்க," என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் மூன்றாம் தேதி நினைவுகள் சேகரிப்புக் குழு கூடியது. அந்தக் கூட்டத்தில் நடந்ததை அசோகன் பின்னால் நூற்றாண்டு மலரில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். கூட்டக் குறிப்பை அப்படியே அச்சிட்டிருந்தார்கள், வரலாறு என்று.

வந்திருந்த நூற்றுப் பன்னிரண்டு நினைவுகளில் நூற்றுப் பதினொன்று, தலைவரின் தகப்பனார் எவ்வளவு நல்லவர் என்பதைப் பற்றியவை. அவை குரல் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டன. கடைசியாக அசோகனுடைய படிவம் படிக்கப்பட்டது. பிறகு ஓர் உறுப்பினர், "பென்சிலால் எழுதியிருக்கிறார்களா? எதில்?" என்று கேட்டார். மங்களத்தை அனுப்பிப் பத்துப் புத்தகம் கொண்டுவரச் சொன்னார்கள். பத்திலும் எழுதியிருந்தது. இன்னொரு பத்து வந்தது. அதிலும் இருந்தது.

தொண்ணூறு வருடமாக நடந்த வழக்கம் குழுவுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. கடைசித் தாள் வரைக்கும் போனவர்கள் குழுவில் யாரும் இல்லை.

சுந்தரராமன் பதினான்காம் விதியைப் படித்தார். நூல்களில் எழுதுவோர் உறுப்பினர் தகுதியை இழப்பர். அப்படியானால் தொடக்க நாளிலிருந்து இன்றுவரை புத்தகம் எடுத்த ஒவ்வொருவரும் தகுதி இழந்தவர்கள் என்று ஆகிறது. எஞ்சியிருக்கும் முறையான உறுப்பினர்கள் குழுவில் உள்ள பதினொரு பேர் மட்டுமே. இது அவர்களுக்கு மன நிறைவு அளித்ததாகக் குறிப்பில் இருக்கிறது. தகவல் தந்த திரு அசோகனுக்கு நன்றி தெரிவித்து, விழாவுக்குள் எல்லா நூல்களையும் சுத்தம் செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஸ்கேனர் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அழுக்கோடு எப்படி ஸ்கேனரில் வைப்பது?

அசோகனிடம் சுந்தரராமன் இவ்வளவுதான் சொன்னார்: "உங்க ஞாபகம் கமிட்டியில பெரிய தாக்கத்தை உண்டுபண்ணியிருக்கு. கடைசித் தாள் வேலைக்குத் தனியா ஆறு பேரைப் போட்டிருக்கோம்."

அடுத்த நான்கு வாரம் அசோகனுக்கு நல்ல வாரங்கள். திங்கட்கிழமை தோறும் வந்தார். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நீள மேஜையில் ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, புத்தகங்களைப் பின்பக்கமாகத் திறந்துவைத்துக் குனிந்திருந்தார்கள். முதுகுதான் தெரிந்தது. முழங்கை அசைந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் தேட வேண்டியதை ஆறு ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்தார்.

"கடைசித் தாளைத்தான பாக்கறாங்க?" என்று மங்களத்திடம் கேட்டார்.

அவள் ரிஜிஸ்டரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஆமாண்ணா. ஒண்ணு விடாம."

"பேப்பர் அட்டை போட்டது எல்லாம் வந்திடுச்சா?"

"வரும்ணா."

மூன்றாவது வாரம் சிவாஜிநகரில் அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக உள்ளே நீட்டி, "எல்லாரும் எடுத்துக்குங்கம்மா. கண்ணு வலிக்கும், நடுவுல கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாருங்க," என்றார். அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். யார் இந்தப் பெரியவர், இத்தனை அக்கறையாக இருக்கிறாரே என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மங்களம் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு சுந்தரராமன் ஒரு தாளைக் கொடுத்தார். சாமானிய வாசகர் ஒருவர் மேடையில் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றும், அது அசோகன்தான் என்றும் முடிவாகியிருந்தது. பேச வேண்டியதை டைப் செய்திருந்தார்கள். தலைவரின் தகப்பனார், மழையில் நனைந்து வந்த காந்தாவுக்குத் தம் கையாலேயே முதல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, 'படி அம்மா, பாரே உன் கையில்' என்று சொன்னதாக அதில் இருந்தது.

"சார், அவர் எழுபத்திரண்டுல காலமாயிட்டாரு. இவ எழுத்து கத்துக்கிட்டதே எண்பத்திநாலுல."

"ஞாபகத்துல தேதி போட்டா அது சண்டையிலதான் முடியும். தேதி இல்லாம சொல்லுங்க."

"அவளுக்கு மழையில நனையறது பிடிக்காது சார். குடை இல்லாம வெளிய காலெடுத்து வைக்க மாட்டா."

"குடையை வேணும்னா சேத்துக்கலாம்," என்று சுந்தரராமன் பென்சிலால் ஓர் அடையாளம் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "விழா முடிஞ்சதும் உங்கள மட்டும் உள்ள விடறோம். அரை மணி நேரம். கையால தொட்டே பாக்கலாம். தலைவர்கிட்ட பேசிட்டேன்."

அசோகன் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செத்துப்போன காந்தாவைச் செத்துப்போன ஒரு மனிதர் முன்னால் மழையில் நிறுத்த வேண்டும். அரை மணி நேரத்துக்காக அதையும் செய்யலாம் என்றுதான் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முடிவு செய்தார். ஜன்னல் பக்கம் திரும்பி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும் செய்தார்.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு காலை விழா. தெருவை அடைத்துப் பந்தல். ஒரு முன்னாள் துணை மேயர் சிறப்பு விருந்தினர். வாசகசாலையின் வரலாறு கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தது. தலைவரின் தகப்பனார் உபயோகித்த மூக்குக்கண்ணாடி, செருப்பு, வெற்றிலைப் பெட்டி. புத்தகம் எதுவும் வைக்கவில்லை. கை படும் என்று.

கோவிந்தராஜன் பேச எழுந்தார். நல்ல குரல் அவருக்கு.

"பெரியோர்களே. ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் படிகளில் ஏறி இறங்குகிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு நூலைக்கூட நான் வீட்டுக்கு எடுத்துச் சென்றதில்லை என்பதைத் தலை நிமிர்ந்து சொல்கிறேன். எடுத்தால் குறையும். தொட்டால் கசங்கும். படித்தால், படித்தாயே என்ன தெரிந்துகொண்டாய் என்று நாலு பேர் கேட்பார்கள். தியாகம் என்பது எளிதல்ல. ஒரு வாசகசாலையின் பெரிய எதிரி யார்? கரையான் என்பீர்கள். இல்லை. கரையானுக்கு மருந்து உண்டு. வாசகர்களுக்கு இதுவரை மருந்து கண்டுபிடிக்கவில்லை."

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன.

"இந்த வாசகர்கள் தொண்ணூறு ஆண்டுகளாக நம் நூல்களின் கடைசித் தாளில் பென்சிலால் கிறுக்கி வந்திருக்கிறார்கள். கதை பிடித்ததாம், பிடிக்கவில்லையாம், தூக்கம் வந்ததாம். யாருக்கு வேண்டும் இது? நம் சமூகத்தின் நினைவுகளைச் சேகரிக்கும் புனிதப் பணியில் இறங்கியபோதுதான் இந்த அசிங்கம் நமக்குத் தெரிய வந்தது. நான்கே வாரத்தில் பதினோராயிரம் நூல்களையும் ரப்பர் வைத்து அழித்துச் சுத்தம் செய்துவிட்டோம். மேலே சான்றுச் சீட்டும் ஒட்டிவிட்டோம். இன்று உள்ளே போய்ப் பாருங்கள். அதாவது, அனுமதி கிடைக்கும்போது போய்ப் பாருங்கள். அச்சாபீசிலிருந்து நேற்று வந்த மாதிரி இருக்கின்றன. ஒருவராவது படித்ததற்கான அடையாளம் இல்லை. இந்தப் பெருமைக்குக் காரணமானவர், முதன்முதலில் நமக்குத் துப்புக் கொடுத்த பெரியவர், திரு அசோகன் அவர்கள். அவருக்குப் பொன்னாடை."

அசோகனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மொத்தமாக என்ன சொல்கிறார்கள் என்பதுதான் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் அவர் தோளில் சால்வை விழுந்திருந்தது. யாரோ அவர் கையைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தினார்கள். சட்டைப் பையில் தாள் இருக்கிறது என்று சுந்தரராமன் தம் பையைத் தொட்டு ஜாடை காட்டினார்.

அசோகன் தாளை எடுக்கவில்லை.

"என் சம்சாரம் பேரு காந்தா," என்றார். மைக் ஒரு முறை கத்தி அடங்கியது. "இங்கதான் புத்தகம் எடுப்பா. ஒரு புத்தகத்துல எழுதியிருந்தா. அது இப்ப இல்ல. அதனால நான் சொல்லிடறேன். பத்து நாள் வெளியே போகவில்லை. இதை நான்கு முறை படித்தேன். முடிவு மாறவில்லை. அவ்வளவுதான்."

பந்தலில் நல்ல கைதட்டல். வாசகசாலையைப் பற்றி ஏதோ உயர்வாகச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"நாம எழுதிக் கொடுத்தது இது இல்லையே," என்று கோவிந்தராஜன் முணுமுணுத்தார்.

"ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சாரு சார். அது பெரிய விஷயம்," என்றார் சுந்தரராமன்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது அசோகனை உள்ளே விட்டார்கள். மங்களம் கூட வந்தாள். அவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னால் திறந்தார். கடைசித் தாளில், தாளையே மறைக்கிற அளவு பெரிய சீட்டு ஒட்டியிருந்தது. 'நூற்றாண்டுத் தூய்மை செய்யப்பட்டது. குழு.' அடுத்ததை எடுத்தார். அதிலும். நாற்பது புத்தகம் வரை பார்த்தார். அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அலமாரி ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் அழிக்கலண்ணா," என்றாள் மங்களம். "ஆனா நான்தான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு வாயத் தொறக்கல."

"நீ என்னம்மா பண்ணுவ. எங்க இருக்குன்னு எழுதிக் கொடுத்ததே நான்தான். எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதினேன்."

வெளியே பாயசம் பாயசம் என்று யாரோ கூவிக்கொண்டு போனார்கள்.

"காந்தாக்காவோடது வந்தப்ப நான் பாத்தேன்," என்றாள் மங்களம். "கன்னடப் பேப்பர் அட்டை போட்டதெல்லாம் ஏழாம் நம்பர் அலமாரி. ஜெயராஜ் சார் அப்படியே வெச்சுட்டுப் போனது. அந்த ஆறு பேர்ல ஒருத்தி படிச்சுட்டு, 'பாவம்டி, முடிவு மாறலையாம்'னு சொல்லிச் சிரிச்சா. அப்பறம் அழிச்சிட்டா."

"என்ன புத்தகம்னு பாத்தியா?"

"அட்டையைக் கிழிச்சு ஸ்கேனருக்கு அனுப்பிட்டாங்க. நான் பேரைப் பாக்கலண்ணா."

அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள் அவள். "சொன்னா ஒருமாதிரி இருக்கும். முப்பத்தொண்ணாம் விதின்னு ஒண்ணு. புத்தகத்துல இருந்து எது எடுத்தாலும் அது வாசகசாலை சொத்து, பொதுக்குழு சொல்லாம வெளிய போடக் கூடாது. அதனால அழிச்சப்ப வந்த ரப்பர் தூளக் கூட்டித் தள்ள செக்ரட்டரி விடல. அலமாரி வாரியாப் பொட்டலம் கட்டி, நம்பர் போட்டு, பீரோவுல வெச்சிருக்காரு. ஏழாம் நம்பர் பொட்டலமும் இருக்கு."

அசோகன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபாரம் ஒன்பது," என்றாள் மங்களம். "நான் நாளைக்கே எடுத்து வைக்கறேன்."

படிவம் ஒன்பது நான்கு வாரம் சுற்றியது. அழிக்கப்பட்ட எழுத்துக்கு உரிமை கோருபவர் அதை எழுதியவரின் வாரிசு என்பதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். கொடுத்தார். பதினான்காம் விதிப்படி எழுதியவர் தகுதி இழந்தவர் ஆயிற்றே, அவர் வாரிசுக்கு எப்படிக் கொடுப்பது என்று ஒரு கூட்டத்தில் விவாதித்தார்கள். எழுதியதுதான் அழிந்துவிட்டதே, குற்றமும் அதோடு அழிந்ததாகக் கொள்ளலாம் என்று கோவிந்தராஜன் பெருந்தன்மையோடு தீர்ப்புச் சொன்னார்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஆபீஸ் அறையில் சுந்தரராமன் பீரோவைத் திறந்து, நியூஸ் பேப்பரில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. மேலே 'கதைகள், அலமாரி 7, ரப்பர் துகள்' என்று சீட்டு.

"இதுல எழுநூறு புத்தகத்தோடது இருக்கு," என்றார். "உங்க மிசஸ் எழுதினது மட்டும்தான் உங்களுக்கு. பிரிச்சு எடுத்துட்டு மத்தவங்களோடதைத் திருப்பிக் கொடுத்துடணும்."

"எப்படி சார் பிரிக்கறது?"

"அது விண்ணப்பதாரரோட பொறுப்பு. ஃபாரத்துலயே இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க." அவர் ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். "தொறந்து பாத்துட்டு, பொருளோட நிலை என்னன்னு இந்தக் காலத்துல எழுதுங்க. அப்பறம் வந்து குறையுதுன்னு சொல்லக் கூடாது."

அசோகன் நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். பொட்டலத்தின் ஒரு மடிப்பைத் திறந்தார். இரண்டாவது மடிப்பில் கை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, மேலே பார்த்தார்.

"மங்களம்மா. அந்த ஃபேனை நிறுத்திடு."

அவள் எழுந்து போய் நிறுத்தினாள். இறக்கைகள் சுற்றி ஓய்கிற வரைக்கும் அவர் காத்திருந்தார். பிறகு எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினார். திரும்ப வந்து உட்கார்ந்து மீதி மடிப்புகளைப் பிரித்தார்.

சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் சுருள்கள். அங்கங்கே கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் ரோஸ். அவர் அவற்றைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார். மூச்சுப் படுகிறது என்று தோன்றியிருக்க வேண்டும், கைக்குட்டையை எடுத்து மூக்கோடு பிடித்துக்கொண்டு மறுபடி குனிந்தார். பொங்கலூரா, பங்காருப்பேட்டையா என்று எழுத்து மங்கித் தெரியாத மூட்டையை அவர் அந்தக் காலத்தில் அப்படித்தான் பார்த்திருப்பார். அறையில் காற்றில்லை. சுந்தரராமனின் நெற்றியில் வியர்வை துளிர்த்து மூக்கு வழியாக இறங்கியது. அவர் ரிஜிஸ்டரின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

கோவிந்தராஜன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன இப்படி வேகுது? கரண்ட் இல்லையா?"

அவர் தாமாகவே சுவரருகே போய் ஃபேன் சுவிட்சில் கையை வைத்தார். மங்களம் அதற்குள் எழுந்து வந்து அவருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் நின்றாள்.

"போடாதீங்க சார். அவர் மடிச்சு முடிக்கட்டும்."

பத்து வருடத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. கோவிந்தராஜன் கையை எடுத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார். அசோகன் தாளின் ஒரு விளிம்பைத் தூக்கி, துகள் ஒன்றுகூட ஓரத்துக்கு நகராதபடி, முதல் மடிப்பை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.